வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள்

வன்னியில் பள்ளிக்கூட வானும் ஹயர் வானும் ஓடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான வான்கார அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வவுனியாவில் வெளிக்கிட்டு ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் கடந்து கிளிநொச்சி வரைக்கும், அங்காலே பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு வரைக்கும் எங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் நீங்கள். பஸ் எட்டிப் பாராத கிரவல் றோட்டுக்குள்ளும் காலை ஆறு மணிக்கு உங்கள் ஹோர்ன் கேட்கிறது. கிளினிக்குக்குப் போகிற அம்மம்மாவையும், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற குடும்பத்தையும், கதிர்காமம் போகிற பதினைந்து பேரையும் ஒரே வானில் ஏற்றி, பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுகிறீர்கள். உங்களிடம் குறை பிடிக்க இந்த மடலை எழுதவில்லை. ஒரு சின்ன வேலை செய்து தாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். செலவு குறைந்த வேலை. இன்னும் சொன்னால், உங்களுக்கே மிச்சம் தருகிற வேலை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வெப்பம் பயணிக்கிற வழிகள் மூன்று என்று வகுப்பில் எழுதிப் போடுவோம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்துவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் அந்தப் பிள்ளைகளே ஓடிப்போய் உங்கள் வானில் ஏறுவார்கள். காலையில் இருந்து வெட்டை வெளியில் நின்ற வான். வெள்ளைச் சீருடையோடு கறுப்பு றெக்சின் சீற்றில் இருந்ததும் தொடையைச் சுட்டுத் துள்ளி எழும்புவார்கள். ஜன்னலோரம் இருக்கிற பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். முன்சீற்றுக்காரப் பிள்ளை கொப்பியை விரித்து முகத்தை மூடிக்கொள்ளும். கதிர்ப்பு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் இனிமேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே விடயம். வெயிலை மறிக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம். உள்ளே வந்த பிறகு அதைத் துரத்துவது கஷ்டம், காசும் கூட. இப்போது நாங்கள் செய்கிறதெல்லாம் உள்ளே வந்ததைத் துரத்துகிற வேலைதான். உள்ளே திரைச்சீலை போடுகிறோம், கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறோம், ஏசியைக் கூட்டுகிறோம்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மப்பு மந்தாரம் இல்லாத நடுப்பகலில், வெயிலை நேருக்கு நேர் பார்க்கிற ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாற் விழுகிறது. வெயில் சரிந்த பின்னேரத்தில் ஹைஏஸ் போன்ற ஒரு வானின் மேற்குப் பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றினூடாகவும் உள்ளே வருகிற வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தால், சூடேற்றிய ஒரு அயன் பெட்டியைப் பிள்ளைகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஓடுவதற்குச் சமம். வெயில் கண்ணாடியைத் தாண்டும்போது ஒளியாகத்தான் தாண்டுகிறது. சீற்றிலும் டாஷ்போட்டிலும் விழுந்ததும் சூடாக மாறிவிடுகிறது. சூடான சீற் திருப்பி வீசுகிற கதிர் வேறு வகை. அதைக் கண்ணாடி வெளியே விடாது. சூடேறிய காற்றுக்கும் பூட்டிய வானுக்குள் இருந்து வெளியே போக வழி இல்லை. வெயில் வரும் வழி திறந்திருக்கிறது, போகும் வழி பூட்டியிருக்கிறது.

இனி உள்பக்கத் திரைச்சீலையைப் பாருங்கள். அனேகமான வான்களில் கடும் நீலம், மெரூன், கறுப்பு என்று அழகுக்குப் போட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குக் கூச்சம் குறையும், உண்மைதான். ஆனால் சீலை நிற்பது கண்ணாடிக்கு உள்ளே. வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. கடும் நிறச் சீலை அதைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டை வானுக்குள்ளேதான் விடும். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரியும்.

இந்த உண்மையை எங்கள் சனத்துக்குப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் 2009இல் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள் நாங்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்ட பிறகும் கன குடும்பங்கள் சொந்தக் காணியில் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தன. அந்தக் கொட்டில்களில் தகரத்துக்குக் கீழே சீலை கட்டியவர்கள் மத்தியானத்தில் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பியவர்கள் உள்ளேயே இருந்து சோறு சாப்பிட்டார்கள். கிடுகு வெயிலை வாங்கிக்கொண்டது, தகரத்துக்கு வெயில் போய்ச் சேரவில்லை. மேலே போட்டதற்கும் கீழே கட்டியதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

அதற்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஆர்சலர்மிட்டல் நிறுவனம் கட்டித் தருவதாகப் பேச்சு. 2016இல் இந்தப் பக்கம் அதைப் பற்றிப் பேசாத சந்தி இல்லை. விலை கூட, நிலைக்காது, எங்கள் காலநிலைக்குச் சரிவராது, உள்ளே வெக்கை தாங்காது என்று சனமும் பொறியியலாளர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். கல்வீடுதான் வேண்டும் என்று நின்றோம். நிற்கிற இரும்பு வீட்டை வேண்டாம் என்று சொன்ன நாங்கள், நாலு சில்லில் ஓடுகிற இரும்பு வீட்டுக்குள் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கிறோம். அதன் வெக்கையைப் பற்றி ஒருவரும் கூட்டம் போடவில்லை.

வெளியே மறிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த வித்தை. யப்பானில் வெயில் காலத்தில் மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியேதான் தொங்கவிடுகிறார்கள். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டியை வாசலில் கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மரக்கதவு ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. மத்தியானத்தில் அதைச் சாத்திவிட்டுத்தான் படுப்பார்கள். பழைய லாண்ட்றோவர் ஜீப்புகளில் வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரை போட்டு அனுப்பினார்கள். மேல்தகடு வெயிலை வாங்கும், இரண்டு தகட்டுக்கும் இடையில் காற்று ஓடும், கீழ்த்தகடு ஆறுதலாக இருக்கும். ஐரோப்பாவில் வானையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களும் முன்கண்ணாடிக்கு வெளியால் போர்வை போட்டுவிட்டுத்தான் வெயிலில் நிறுத்துகிறார்கள். உள்ளே போடுவதென்றால் வெள்ளி மினுங்குகிற தாளைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கிறார்கள். வந்த ஒளியை ஒளியாகவே திருப்பி அனுப்பிவிட்டால் அது சூடாக மாற நேரம் கிடைக்காது.

இனி எங்கள் றோட்டுக்கு வருகிறேன். எந்தக் கண்ணாடியை மறைப்பது என்பதற்கு றோட்டே விடை சொல்கிறது.

ஏ9 வீதி வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏறக்குறைய நேர் வடக்காக ஓடுகிறது. காலையில் தெற்கே வவுனியாவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகிறவரின் இடப்பக்கம் கிழக்கு. பின்னேரம் வடக்கே திரும்பி வரும்போது அதே இடப்பக்கம் மேற்கு. போகும்போதும் வரும்போதும் வெயில் ஒரே பக்கம்தான். காலையில் வடக்கே கிளிநொச்சிக்குப் போய்ப் பின்னேரம் தெற்கே திரும்புகிறவருக்கு இரண்டு முறையும் வலப்பக்கம். அந்த ஓட்டக்காரரின் வலது முழங்கையைப் பார்த்தாலே தெரியும், இடது கையைவிட ஒரு நிறம் கறுத்திருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் காசு செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் வானின் வெயில் பக்கம் எது என்று பார்த்து, முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளை மற்றப் பக்கம் இருத்துங்கள். இதற்குச் சதமும் செலவில்லை.

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 கிழக்குப் பக்கமாக ஓடுகிறது. காலையில் முல்லைத்தீவுக்குப் போகிறவருக்கு வெயில் முன்கண்ணாடியில். பின்னேரம் மாங்குளம் திரும்பும்போதும் முன்கண்ணாடியில். முள்ளியவளையில் இருந்து மாங்குளத்துக்குப் போய்வருகிறவருக்கு இரண்டு முறையும் பின்கண்ணாடியில். பின்சீற்றில் நெருக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைகளின் பிடரிதான் அங்கே காய்கிறது. பின்கண்ணாடியில் மேல் அரைவாசிக்கு வெள்ளித் தாள் பிடித்தால் போதும், கீழ் அரைவாசியால் உங்களுக்குப் பின்றோட்டுத் தெரியும்.

நேரமும் கணக்கு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும், ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. அதனால் ஒன்றரை மணிக்குப் பக்கக் கண்ணாடிகளைவிடக் கூரையும் சரிந்த முன்கண்ணாடியும்தான் கூட வெயில் குடிக்கின்றன. நாலு மணிக்கு ரியூசன் பிள்ளைகளை ஏற்றும்போது கணக்கு மாறிவிடும். அப்போது வெயில் சரிந்து பக்கக் கண்ணாடியால் நேரே மடியில் வந்து விழும். நிறுத்தியிருக்கும்போது முன்கண்ணாடியை மூடுங்கள், பின்னேர ஓட்டத்தில் பக்கக் கண்ணாடியை மறையுங்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முன்கண்ணாடிக்குச் செய்கிற விதம் இது. ஹார்ட்வெயார் கடைகளில் கூரைத் தகட்டுக்குக் கீழே அடிக்கிறதற்கு நுரையோடு சேர்ந்த வெள்ளித் தாள் சுருளாக விற்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். பழைய பேப்பர் நாலைந்தை ஒட்டி, முன்கண்ணாடியில் வைத்து விளிம்பு பிசகாமல் அளவு வெட்டுங்கள். அந்த அளவை வெள்ளித் தாளில் போட்டு, சுற்றிவர ஒரு விரல் கூட விட்டு வெட்டுங்கள். விளிம்புக்குப் பழைய சீலைத்துண்டு வைத்து ஒரு தையல். மினுங்குகிற பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியால் விரித்து வைப்பர் தடிகளால் அமத்தி, இரண்டு ஓரத்தையும் முன்கதவுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் சோளகக் காற்று அடித்தாலும் பறக்காது. களவு போய்விடும் என்று பயமென்றால் உள்ளே வையுங்கள், ஆனால் கண்ணாடியோடு ஒட்ட வையுங்கள். வெளியே போட்ட அளவுக்கு வராது, திரைச்சீலையைவிட எவ்வளவோ மேல்.

பக்கக் கண்ணாடிக்கு இதைவிட லேசு. வெள்ளை உரப்பை எங்கள் எல்லார் வீட்டுக் கோடியிலும் கிடக்கிறது. நன்றாகக் கழுவி, தையலைப் பிரித்து, இரண்டு மூன்றைச் சாக்கூசியால் ஒன்றாகத் தைத்தால் ஒரு பக்கம் முழுவதற்கும் போதும். மேல் விளிம்பில் நாலு கொக்கி வைத்துக் கூரைப் பீலியில் கொழுவுங்கள். கீழ் விளிம்பு வானோடு ஒட்டாமல், ஒரு சாண் தள்ளி நிற்கிற மாதிரிக் கயிற்றை இழுத்துச் சில்லடியில் ஒரு கல்லுக்குக் கட்டுங்கள். அந்த இடைவெளி முக்கியம். பை சூடானாலும் நடுவால் காற்று ஓடி அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், கண்ணாடிக்கு வராது. உள்ளே இழுக்கிற கண்ணாடி இருந்தால் நாலு விரல் திறந்தும் விடலாம், நிழலுக்குப் பின்னால் இருப்பதால் வெயில் வராது, புழுக்கமும் நிற்காது. பிள்ளைகள் வருகிற நேரத்துக்குக் கொக்கியைக் கழற்றிச் சுருட்டிச் சீற்றுக்குக் கீழே போட ஒரு நிமிடம் போதும்.

ஓடும்போது வெளியே ஒன்றும் தொங்கவிட முடியாது. அப்போது உள்பக்க மறைப்புத்தான் வழி. கடும் நிறத் திரைச்சீலையைக் கழற்றிவிட்டு வெள்ளை அல்லது இளநிறச் சீலை போடுங்கள். வெயில் பக்கத்துக்கு மட்டும் வெள்ளித் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டிச் செருகுங்கள். சாரதிக்கு வெளியே இருக்கிற இரண்டு பின்பார்வைக் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்கண்ணாடியிலும் முன்கதவுக் கண்ணாடியிலும் ஓடும்போது ஒரு துண்டும் இருக்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. றெக்சின் சீற்றுக்கு மேலே வெள்ளைப் பருத்திச் சீலை உறை போட்டால் தொடை சுடாது, வியர்வையையும் உறிஞ்சும். கிழமைக்கு ஒருமுறை தோய்க்கிற வேலை கூடும், அதைப் பெற்றோர் முறை வைத்துச் செய்து தரலாம்.

கறுப்பு ஃபிலிம் பற்றியும் ஒரு சொல். ஓடுகிற வானில் அதனால் கொஞ்சம் பிரயோசனம் உண்டு, சூடான கண்ணாடியைக் காற்று வெளியால் ஆற்றிக்கொண்டு வரும். நிற்கிற வானில் அந்த உதவி இல்லை. மலிவான கறுப்பு, வெளிச்சத்தைத்தான் மறிக்கிறது. வெயிலின் சூட்டில் ஏறக்குறைய அரைவாசி எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் இருக்கிறது. எவ்வளவு இருட்டு என்பதை வைத்து எவ்வளவு குளிர் என்று கணக்குப் பார்க்கக் கூடாது. அகச்சிவப்பை மறிக்கிற செராமிக் வகை இருக்கிறது, கண்ணாடி கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும், விலைதான் கூட.

கறுப்பை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். உள்ளே யார் என்று தெரியாத வான் வந்து நின்றால் இந்த மண்ணில் தாய்மாருக்கு நெஞ்சு பதறும். ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான் என்று சொன்னாலே இன்றைக்கும் ஒரு நடுக்கம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கிய அம்மாமாருக்கு மத்தியில் வாழ்கிறவர்கள் நாங்கள். பள்ளிக்கூட வானுக்குள் பிள்ளை எந்தச் சீற்றில் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று றோட்டில் நிற்கிற எவருக்கும் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, அதுவே ஒரு காவல். உரப்பை, வெள்ளித் தாள் என்று நான் சொல்கிறதெல்லாம் நிற்கும்போது மூடி, பிள்ளைகள் ஏறியதும் பெரும்பாலும் திறந்துவிடுகிறவை. வெயிலுக்கு மூடலாம், ஊருக்கு மூட வேண்டாம்.

ஏசி போட்டால் எல்லாம் சரிதானே என்பீர்கள். ஹயருக்கு வருகிற வெளிநாட்டுச் சனத்துக்குப் போடுகிறீர்கள், அவர்கள் காசு தருகிறார்கள். பள்ளிக்கூட ஓட்டத்தில் போட்டால் உங்களுக்குக் கட்டாது என்று எனக்குத் தெரியும். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியபோது வாரக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் நீங்கள். அகோர வெயிலில், குறுந்தூர ஓட்டத்தில், ஏசி போட்டால் ஒரு லீற்றருக்கு ஓடுகிற தூரம் கால்வாசிக்கு மேலும் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது. எங்கள் பள்ளிக்கூட ஓட்டம் எல்லாம் குறுந்தூர ஓட்டம்தான். வெயிலில் காய்ந்த வானுக்குள் ஏசி முதல் கால் மணித்தியாலம் சீற்றையும் டாஷ்போட்டையும் ஆற்றவே படாத பாடு படும், அதற்குள் பாதிப் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். மூடி வைத்த வான் என்றால் ஏசியும் கெதியாகக் குளிர்த்தும், ஏசி இல்லாதவருக்கும் கண்ணாடி திறந்த காற்றே போதும். டாஷ்போட் வெடிப்பதும் சீற் வெளிறுவதும் குறையும். நான் முதலில் சொன்ன மிச்சம் இதுதான்.

ஜன்னலைத் திறந்தால் புழுதி என்பதும் உண்மை. வைகாசி பிறந்தால் துணுக்காய்ப் பக்கத்தில் கிரவல் றோட்டில் முன்னால் ஒரு உழவு இயந்திரம் போனால் போதும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறம். அதனால் எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். முன்வாகனத்தை விட்டுக் கொஞ்சம் பின்தள்ளி ஓடுங்கள், நிழல் பக்கக் கண்ணாடியை மட்டும் திறவுங்கள், பின்பக்கத்தில் ஒரு கண்ணாடியும் திறந்திருந்தால் காற்று நுழைந்து வெளியேற வழி கிடைக்கும்.

நிறுத்துகிற இடம் பற்றி. ஏ9 ஓரத்தில் ஒருகாலத்தில் நின்ற காடு பின்வாங்கிப் போய்விட்டது. போருக்காக இரு பக்கமும் வெளியாக்கினார்கள், பிறகு வீதி அகலித்தார்கள். ஆனாலும் பள்ளிக்கூட வளவுகளில் வேம்பும் புளியும் பாலையும் நிற்கின்றன. பாலைப்பழக் காலத்தில் மரத்துக்குக் கீழே விட்டால் பால் ஒட்டும், குருவி எச்சம் போடும் என்று வெட்டையில் விடுகிறீர்கள். எச்சத்தை ஒரு வாளித் தண்ணீரால் கழுவலாம். மரம் இல்லாத இடத்தில் வானின் பின்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நிறுத்துங்கள், காலையில் பின்பக்கம் கிழக்கே, பின்னேரம் பின்பக்கம் மேற்கே. பெரிய முன்கண்ணாடி தப்பிக்கும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தும்போது இன்னொரு கவனமும் வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டு வர எப்படியும் கால் மணித்தியாலம் போகும். அந்த நேரத்தில் நித்திரையாகிவிட்ட குழந்தையை, எழுப்பினால் அழும் என்று, வானுக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்குகிற குடும்பங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். 2005இல் பீடியாட்றிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கலிபோர்னியாவில், வெளியே 22 முதல் 36 பாகை செல்சியஸ் வரை இருந்த நாட்களில், பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை கூடியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே கூடிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட 3 முதல் 5 மடங்கு கெதியாகச் சூடேறும். இந்த மடலில் நான் சொன்ன மறைப்பு எல்லாம் போட்டிருந்தாலும் பூட்டிய வானுக்குள் குழந்தையை விடுகிறதற்கு அது அனுமதி ஆகாது. குடும்பம் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. கதவைப் பூட்டுமுன் கடைசிச் சீற் வரை ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

கதிர்காமம், மடு, நயினாதீவு என்று இரண்டு மூன்று நாள் ஓட்டம் போகிறவர்களுக்கும் ஒரு யோசனை. ஆடிக் கதிர்காமமும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவும் வெக்கைக் காலத்தில்தான் வருகின்றன. வான்தான் அந்த நாட்களில் சனத்துக்கு வீடு. சமைப்பது பக்கத்தில், படுப்பது உள்ளே. கூரைக் கரியரில் ஒரு இளநிறப் படங்கைக் கட்டி, மேற்குப் பக்கமாக இழுத்து இரண்டு தடியில் நிறுத்தினால் கண்ணாடிக்கு நிழலும் ஆச்சு, அம்மாமாருக்கு ஒரு விறாந்தையும் ஆச்சு. பின்னேரம் முழுக்க வெயில் படாத வானுக்குள்தான் இரவில் நித்திரை வரும். காய்ந்த இரும்பு ஆறுவதற்குள் சாமம் ஆகிவிடும்.

இதெல்லாம் உங்கள் தலையில் மட்டும் சுமத்துகிற பாரம் அல்ல. வெக்கை கூடிய மாதங்களில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிறது, வட மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வருகிறது. வெயிலில் பிள்ளைகளை விளையாட விட வேண்டாம் என்று பள்ளிக்கூடங்களுக்கு அறிவித்தல் வருகிறது. மைதானத்தில் இருந்து கூப்பிட்டு நிழலில் இருத்திய பிள்ளைகளை ஒன்றரை மணிக்கு நாங்களே காய்ந்த வானில் ஏற்றி அனுப்புகிறோம். அந்த அறிவித்தலுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை வளவு மதிலோடு முடிந்துவிடுகிறது. அதிபர்மார் வான்களை மரநிழல் பக்கம் விட இடம் தர வேண்டும், மரம் இல்லாவிட்டால் மேற்கு மதிலோரம் இப்போதே நட வேண்டும். பெற்றோர் வெள்ளித் தாளுக்கும் சீற் உறைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டும். மாதக் காசில் ஐம்பது ரூபா குறைக்கச் சண்டை பிடிக்கிற நாங்கள், பிள்ளை இருக்கிற சீற்றுக்கு ஒரு முழம் சீலை வாங்கித் தரலாம். என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இதை நானே எழும்பிக் கேட்பேன்.

உங்களிடம் கேட்பது மூன்று. சித்திரை விடுமுறைக்குள், ஓட்டம் இல்லாத நாட்களில், முன்கண்ணாடிக்கு ஒரு வெள்ளித் தாள் மறைப்புச் செய்யுங்கள். உங்கள் ஓட்டத்தின் வெயில் பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக்கு ஒரு உரப்பைத் திரை தையுங்கள். வானைப் பூட்டுமுன் கடைசிச் சீற் வரை பார்க்கிறதைப் பழக்கமாக்குங்கள். அளவு வெட்ட, தைக்க உதவி வேண்டுமென்றால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். செய்முறைப் பாடமாக எடுத்துச் செய்து தருவார்கள், முன்னும் பின்னும் வானுக்குள் வெப்பமானி வைத்து அளந்தும் காட்டுவார்கள். எவ்வளவு குறைந்தது என்பதை அப்போது நீங்களே வாசித்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் உரப்பையை எனக்கே திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்த நெல்லுக்கு உதவும்.

அன்புடன்,
முல்லைத்தீவு மாவட்டத்து விஞ்ஞான ரீச்சர் ஒருத்தி